ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் இல்லை

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் ஒரு பாராட்டு இருந்தது: 'கரைச்சல் இல்லாத ஆள்'. பெண்கள் பகுதியில் கடைசிக் கட்டிலில் இருந்த ஆச்சிக்குத்தான் அந்தப் பட்டம் முதலில் போகும். வைத்ததைச் சாப்பிடுவார். குளிசையை நீட்டினால் வாயைத் திறப்பார். இரவில் ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டார். பதினெட்டுப் பேருக்கு இரவில் ஒருத்தியாக நிற்கும் எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

அது வைகாசி மாதம். கிளிநொச்சி வெயிலும் தகரக் கூரையும் சேர்ந்தால் பின்னேரம் கட்டில் கம்பியில் கை வைக்க முடியாது. அந்த நாட்களில் ஒன்றில் ஆச்சி ஆளே மாறிப்போனார். எப்போதோ செத்துப்போன தங்கச்சியோடு கதைத்தார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். இரவு பக்கத்துக் கட்டில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "பங்கருக்குள்ள வா, செல் வருது" என்றார்.

வேறு ஊரில் என்றால் உடனே பயந்திருப்பார்கள். வன்னியில் இது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. 2009ஐக் கடந்து வந்தவர்கள் இரவில் அலறுவது ஒன்றும் புதிதல்ல. அந்தப் பழக்கம்தான் எங்களைப் பிழைவிட வைத்தது. பழைய ஞாபகம் வந்திட்டுது என்றேன் நான். மறதி வருத்தம் தொடங்கிவிட்டது என்றார் பொறுப்பாளர். சமையல் அக்கா நாவூறு கழித்தார். இப்படியே இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் உடம்பு நெருப்பாய்க் கொதித்த பிறகுதான் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டோம்.

சலத்தைச் சோதித்தார்கள். கிருமித் தொற்று. உடம்பில் நீரும் வற்றியிருந்தது. இளம் ஆட்களுக்கு என்றால் எரிவும் கடுப்பும் வந்து காட்டிக்கொடுக்கும். வயதானவர்களுக்கு அதெல்லாம் இல்லாமல் நேரே புத்தித் தடுமாற்றமாய் வந்து நிற்கலாம் என்று டொக்டர் சொன்னார். பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவ?"

கிளினிக் கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரஷர் இருந்தது, சுகர் இருந்தது, நிறை இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சேலைனும் மருந்தும் ஏறி, ஐந்து நாளில் பழைய ஆச்சி திரும்பி வந்தார். ஒரு பின்னேரம் தலை வாரிவிடும்போது மெல்லக் கேட்டேன்.

"ஆறு மணிக்குப் பிறகு நான் தண்ணி தொடுறேல்லைப் பிள்ளை. குடிச்சா இரவில எழும்ப வேணும். தனியப் போகக் கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். நீயும் ஒருத்தி, எத்தினை பேரைப் பாப்பாய்?"

அந்தக் கட்டளையின் கதை இதுதான். அதற்கு ஆறேழு மாதத்துக்கு முன் ஒரு அம்மா இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்து துடை எலும்பை முறித்துக்கொண்டார். உடனே, இரவில் எவரும் தனியாக எழும்பக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்று அறிவித்தோம். அதற்குப் பிறகு விழுந்தவர்களின் பதிவுப் புத்தகத்தில் 'இல்லை', 'இல்லை' என்றே எழுதிவந்தோம். வந்து பார்த்த அதிகாரியும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். கழிப்பறைக்கு இரண்டு படி இறங்கி இருபது அடி நடக்க வேண்டும், வழியில் பல்ப் எரிந்து கனகாலம் என்பதை ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் விழாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் கவனம் இல்லை, அவர்களின் தாகம்.

மற்றவர்களையும் விசாரித்தேன். பாதிக்கு மேல் இதே கதை. ஒருவர் கட்டிலுக்குக் கீழே பால்மா ரின் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். இன்னொருவரின் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தால் நீர் போகக் கொடுக்கும் வெள்ளைக் குளிசைகள், வியர்வையில் அரைவாசி கரைந்து, ஏழெட்டு. பின்னேரக் குளிசையை என் கண் முன்னால் வாயில் போட்டு, நான் திரும்பியதும் துப்பி முடிந்திருக்கிறார். கால் ஏன் இப்படி வீங்குது என்று இரண்டு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தோம்!

கூப்பிட ஏன் இவ்வளவு தயக்கம்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் வழி வைத்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எங்களிடம் இருப்பவர்களில் பலருக்குக் கோருவதற்குப் பிள்ளை இல்லை. சிலருக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. ஆச்சி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்: "இஞ்சையிருந்து போகச் சொன்னா நான் எங்க போறது?" நாங்கள் அப்படி அனுப்பமாட்டோம். அது அவருக்கு எப்படித் தெரியும்?

அன்னதானத்திலும் இதே வாய்மூடல்தான். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்கள் அம்மாவின் திவசத்துக்கு மதியச் சாப்பாடு தருவார்கள். நல்ல மனது, குறை சொல்லவில்லை. ஆனால் வீடியோ அழைப்பு கிடைக்கும்வரை இலைக்கு முன்னால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சுகர் குளிசை போட்டவர் ஒன்றரைவரை சோறு இல்லாமல் இருந்து, வியர்த்து, கை நடுங்கி, கதிரையில் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பசிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு தந்தவர்களின் மனம் நோகக் கூடாதாம். இப்போது குளிசைக்காரர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுவார்கள். படத்துக்கு மட்டும் வந்து இருப்பார்கள். அவர்களின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது சரியா என்று கேட்டால் எங்கள் பொறுப்பாளருக்கும் எனக்கும் இன்னும் வழக்குத்தான்.

சரி, தண்ணீருக்கு என்ன செய்தோம்? முதலில் ஒரு அட்டவணை போட்டு, குடித்த கோப்பைக்கு ஒரு சரி அடையாளம் என்று வைத்தோம். ஒரு கிழமையில் எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் சரி போடத் தொடங்கிவிட்டோம்; நானும்தான். அதைக் கிழித்துப் போட்டோம். பிறகு பத்து மணிக்குப் பிளேன்ரீ, மூன்று மணிக்கு மோர், கிடைத்தால் இளநீர், காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீர். கேட்டுக் குடிப்பது வேறு, கையில் கொண்டுவந்து கொடுத்தால் குடிப்பது வேறு. இருதயமும் சிறுநீரகமும் பழுதானவர்களுக்கு டொக்டர் சொன்ன அளவு மட்டும். நீர் போகிற பின்னேரக் குளிசையை டொக்டரிடம் கேட்டு இரண்டு மணிக்கு மாற்றினோம். கூடுதலாகச் சிரமப்பட்டவர்களுக்குக் கட்டிலடியில் கொமட் கதிரை வைத்தோம். பல்ப் போட்டோம், அதன் விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரவுக்கு இரண்டாவது ஆள் கேட்டோம். காசு இல்லை என்றார்கள், இன்னும் இல்லை.

ஆச்சி இப்போது இரவில் இரண்டு தரம் கூப்பிடுகிறார். போன கிழமை ஒருநாள் மூன்று தரம். மூன்றாம் தரம் எனக்குச் சினம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. போய் வலையைத் தூக்கி, "சலமோ ஆச்சி?" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. கூப்பிட்டா வாறியோ எண்டு பாத்தனான்."