மூட்டுவலிக்காரரை முதலில் பார்ப்பது யார்?

தருமபுரி மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் இயன்முறை சிகிச்சையாளராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றி வருகிறேன். எலும்பு மருத்துவப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையைக் காலையில் ஒருமுறை கவனித்தாலே, இப்பகுதி மக்கள் எந்தெந்த வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மல்பெரித் தழை வெட்டித் தோளைத் தூக்க முடியாமல் வரும் பெண்கள், நாள் முழுக்கக் குத்தவைத்துப் புளி தட்டியதால் முழங்கால் மடங்க மறுக்கும் மூதாட்டிகள், குவாரியில் கல் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும் நாளில் மட்டுமே மருத்துவரைப் பார்க்க முடிகிற இளைஞர்கள் என எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, தொப்பூர் கணவாயிலோ நெடுஞ்சாலையின் வேறோர் இடத்திலோ அடிபட்டு, கால் எலும்பு முறிந்து வந்தவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பார். ஒரே மருத்துவர் இவர்கள் அனைவரையும் பார்த்து முடித்த பிறகு அறுவை அரங்குக்கும் போக வேண்டும்.

இந்த நெரிசலில் வலியோடு வந்தவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு எக்ஸ்ரே, ஐந்து நாள் மாத்திரை, 'தேய்மானம்' என்ற ஒரு சொல், பிறகு பிசியோதெரபி அறைக்கு ஒரு சீட்டு. இதற்கு மருத்துவரைக் குறை சொல்ல நான் ஒருபோதும் துணிய மாட்டேன். முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கு அவரை விட்டால் அங்கே வேறு யாரும் இல்லை. என் கவலை வேறு. எங்கள் அறைக்கு வந்து சேரும்போது பலருக்கு வலி தொடங்கி மாதக்கணக்காகியிருக்கும். அதற்குள் எங்கெங்கோ ஊசி போட்டுக்கொண்டு, மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கி, வயிற்றுப் புண்ணோடும், சிலர் சிறுநீரகப் பாதிப்போடும் வந்திருப்பார்கள். இனிக் குனியவே கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, வேலையையும் விட்டு, உடம்பில் மிச்சமிருந்த வலுவையும் இழந்திருப்பார்கள். எனவே எலும்பு, தசை, மூட்டு வலியோடு வருபவரை முதலிலேயே இயன்முறை சிகிச்சையாளர் பார்த்து, தேவைப்படுபவரை மட்டும் மருத்துவரிடம் அனுப்பும் முறை அரசு மருத்துவமனைகளில் வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இது புதிய யோசனை அன்று. மருத்துவரின் பரிந்துரை இல்லாமலேயே நோயாளியை முதலில் பார்க்கும் பொறுப்பை ஆஸ்திரேலியாவின் இயன்முறை சிகிச்சையாளர்கள் 1976லேயே ஏற்றுக்கொண்டார்கள். அந்நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலப் பொது மருத்துவமனைகளில், எலும்பு அறுவை மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்போரில் அவசரமில்லாதவர்களை அனுபவம் மிகுந்த இயன்முறை சிகிச்சையாளரே முதலில் சோதித்துச் சிகிச்சையைத் தொடங்குகிறார். நம் நாட்டில், துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்காக 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஆணையச் சட்டம், இயன்முறை சிகிச்சையாளர் தனித்தோ பல்துறைக் குழுவில் ஒருவராகவோ பணியாற்றலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. சட்டம் அனுமதித்திருப்பதை ஒரு வட்ட மருத்துவமனையின் வரிசை வரைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் இன்னும் நடக்காமல் இருக்கிறது.

எங்கள் மருத்துவமனையில் இதன் ஒரு பகுதியையாவது செய்து பார்க்க முடிந்ததற்குக் காரணம், எலும்பு மருத்துவப் பிரிவில் இருக்கும் மூத்த மருத்துவர். அடிபடாமல், காய்ச்சல் இல்லாமல், முதுகுவலி, முழங்கால் வலி, தோள்வலி என்று வருபவர்களை நேராக எங்கள் மேசைக்கு அனுப்ப அவர் இசைந்தார். ஆனால் உடனே தம்மிடம் வந்தாக வேண்டியவர்கள் யார் யார் என்பதை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்னார். இரவிலும் ஓயாத வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது, காலில் வலு குறைந்துகொண்டே போவது, சிறுநீர் போவதில் புதிதாகத் தடை, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, முதியவர் வழுக்கி விழுந்த பின் வந்த முதுகுவலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடற்பயிற்சி பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பெங்களூரில் கட்டட வேலை பார்த்த இளைஞர் ஒருவர், மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்ததைப் பார்த்து எடையைக் கேட்டேன். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருப்பதாகப் பிறகு சொன்னார். முதுகெலும்பின் நடுவில் ஓரிடத்தைத் தட்டியதும் துடித்துப்போனார். அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். முதுகெலும்புக் காசநோய் என்று உறுதியாகி, அரசின் இலவச மருந்து தொடங்கப்பட்டது. முதலில் சந்திப்பவர் இயன்முறை சிகிச்சையாளராக இருந்தால் ஆபத்தான நோய்கள் தப்பிவிடும் என்று அஞ்சுவோருக்கு என் பதில் இதுதான்: ஆற அமரக் கேட்கவும் தொட்டுப் பார்க்கவும் நேரம் உள்ளவரிடம்தான் அவை முதலில் அகப்படும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னொன்றும் இருக்கிறது. வெளியூரில் படித்துவிட்டு இங்கே பணிக்கு வருபவர்கள் அதைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி இது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பத்திருபது ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிவதோடு நிற்பதில்லை; எலும்பு அடர்ந்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகு பலகைபோல் விறைத்துவிடுகிறது. நாற்பது வயதுக்காரர் 'இடுப்பு பிடிப்பு' என்று வந்தால், தரையில் கிடக்கும் நாணயத்தை முழங்கால் மடக்காமல் எடுக்கச் சொல்வோம், முகவாயை நெஞ்சில் தொடச் சொல்வோம், கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொடச் சொல்வோம். மூன்றுமே முடியவில்லை என்றால் நான் அடுத்துக் கேட்பது, "எந்த ஊர்த் தண்ணிங்க குடிக்கிறீங்க?" என்பதைத்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் நிதியுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது இந்தத் துயரத்தைத் தடுப்பதற்காகவே. ஆனால் காவிரி நீர் வராத நாளில் போர் தண்ணீரையே சமையலுக்கும் குடிக்கவும் பிடிக்கிற வீடுகள் இருக்கின்றன. எலும்பில் ஏற்கெனவே படிந்தது எளிதில் கரைவதும் இல்லை. இவர்களின் முதுகை அழுத்தி நிமிர்த்த முயல்வது ஆபத்து. தண்ணீரை மாற்றச் சொல்வதும், எஞ்சியிருக்கும் அசைவைக் காப்பாற்றும் மென்மையான பயிற்சிகளைக் கற்றுத்தருவதும், கால்களில் விறைப்போ தடுமாற்றமோ தெரிந்தால் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று பார்க்க மருத்துவரிடம் அனுப்புவதும்தான் நாங்கள் செய்யத்தக்கவை. முதுகுவலி என்ற ஒரே பெயரில் காசநோயும், ஃபுளோரைடு பாதிப்பும், வெறும் தசைப்பிடிப்பும் ஒரே வரிசையில் வந்து நிற்கிற ஊரில், ஒரே மாத்திரைச் சீட்டு எப்படிப் போதும்?

பெரும்பாலோருக்கு இருப்பது ஆபத்தில்லாத வலிதான். அவர்களிடம் முதலில் அகற்ற வேண்டியிருப்பது அச்சம். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் காணப்பட்டது. நரை விழுவதைப் போன்ற மாற்றம் இது என்று விளக்கிச் சொன்னால், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்களின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சிரமம், "கரண்ட் வையுங்க மேடம்" என்ற வேண்டுகோள். எந்திரத்தின் பட்டைகளை ஒட்டிப் பத்து நாள் படுக்க வைத்தால்தான் சிகிச்சை என்ற எண்ணத்தை ஊட்டியதில் எங்கள் துறைக்கும் பெரும் பங்கு உண்டு. நாள்பட்ட இடுப்புவலி குறித்து 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், தோல்வழி மின்தூண்டல், வலிக்காக வைக்கும் அல்ட்ராசவுண்ட், முதுகை இழுத்துவைக்கும் இழுவை, இடுப்புப் பட்டை ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. முழங்கால் வலியோடு ஏரியூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிற பெண்ணுக்கும், பத்து நாள் கரண்ட் என்பது பத்து நாள் கூலி இழப்பு. அவருக்கு மூன்றே பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்து, என் முன்னால் செய்யவைத்து, வீட்டில் யாருடைய செல்போனிலாவது அதைப் படம்பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். புளி தட்டும்போது தரையில் குந்தாமல் உயரமான மணையில் உட்காரவும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்கவும் சொல்கிறேன். தொடைத் தசை வலுவடைந்தால் முழங்கால் வலி குறையும் என்பதை நம்பவைக்க, பயிற்சியை அவரே செய்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கூலியைத் துண்டுக் கணக்கில் வாங்கும் அவரால் எழுந்து நடக்க முடியாத நாட்களும் உண்டு. அப்போது வேலை முடிந்த பின் செய்யத்தக்கதாகப் பயிற்சியை மாற்றித் தர வேண்டும்.

திரும்ப வர இயலாதவர்களைத் தொடர்ந்து கவனிக்க நம்மிடம் ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிற திட்டம் அது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களுக்கே அதில் முதலிடம், அது நியாயமும்கூட. ஆனால் மருத்துவமனையில் நாங்கள் எழுதிக் கொடுத்த பயிற்சியை ஊரில் அவர் சரியாகச் செய்கிறாரா என்று களத்தில் இருக்கும் சிகிச்சையாளர் ஒருமுறை பார்த்துச் சொல்ல, இருவருக்கும் பொதுவான ஒரு குறிப்பேடு தேவை. அது இப்போது இல்லை. நானாகவே ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதியனுப்புகிறேன். சீட்டு தொலைந்தால் எல்லாம் தொலைந்துவிடுகிறது.

அரூர், பென்னாகரம், பாலக்கோடு போன்ற வட்டத் தலைநகரங்களின் மருத்துவமனைகளுக்கும் இந்த முறை போக வேண்டுமானால், பெண்கள் கூச்சமின்றி முதுகைக் காட்டக் கதவுள்ள ஓர் அறையும், எழுதிவைத்த விதிகளின்படி எக்ஸ்ரே கேட்கும் அதிகாரமும், ஆபத்து அறிகுறி தெரிந்த அன்றே மருத்துவரைச் சேரும் வழியும் இருந்தாக வேண்டும். முதல் இரண்டையும் ஓர் ஆணையால் தந்துவிடலாம். மூன்றாவதற்கு, அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன கண்டறியப்பட்டது, அனுப்பாமல் விட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை மருத்துவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அந்தப் பேச்சு வெள்ளிக்கிழமைகளில் ஓ.பி. முடிந்த பிறகு நடக்கிறது.