தாங்கும்னு சொல்லிட்டேன்

"அண்ணே, இது தாங்குமா?" என்று பட்டறைக்கு டிராக்டரைக் கொண்டுவந்த தம்பி கேட்டான். "தாங்கும்" என்றேன். பேச்சு இவ்வளவுதான். போன குறுவைக்கு நடந்தது, இன்னும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எழுப்பி உட்கார வைக்கிறது.

பின்னால் மாட்டிய கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கிப் பிடிக்கிற லிஃப்ட் தானாக இறங்குகிற வண்டி. மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து இன்ஜினை அணைத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் தரையில் உட்கார்ந்திருக்கும். சீட்டைக் கழற்றி, லிஃப்ட் கவரைத் தூக்கிப் பார்த்தால், எதிர்பார்த்தபடி பிஸ்டனில் எண்ணெய் கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், போயிருந்தது. கம்பெனி ரிங் வர இரண்டு நாள் ஆகும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, ஏழெட்டுப் பேர் வயலுக்கு அவன் உழவு ஒத்துக்கொண்டிருக்கிறான், வண்டிக்கு டியூ வேறு கட்ட வேண்டும். இங்கே முடியாதென்றால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான் என்பதை முதலாளி வாயைத் திறக்காமலே எனக்குச் சொல்லிவிட்டார். டப்பாவில் வெளி மார்க்கெட் ரிங் ஒன்று கிடந்தது. விட்டம் சரி, தடிமன் மயிரிழை குறைவு, நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. எண்ணெய் தடவிப் போட்டேன். லிஃப்ட் ஏறியது, அரை மணி நேரம் பார்த்தோம், அசையாமல் நின்றது. அப்போதுதான் கேட்டான்.

பொய் சொன்னேனா என்றால், இல்லை. அந்த சீசன் முழுக்கத் தாங்கியது. அவன் டியூ கட்டினான், வயல்காரர்களுக்குத் தண்ணீர் வீணாகவில்லை. இரண்டு நாள் வண்டியை நிறுத்தியிருந்தால் அந்த நஷ்டத்தை நானா கொடுத்திருப்பேன்?

ஆனால் நாலாம் நாள் பைக்கில் போகும்போது வாய்க்கால் கரையில் அந்த வண்டி நின்றது. தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பிளேடில் சுற்றிய நைலான் கயிற்றைப் படுத்தபடி அரிவாளால் அறுத்துக்கொண்டிருக்கிறான். இன்ஜின் ஓடவில்லை. மேலே தொங்குகிற அத்தனை எடையையும் நான் போட்ட அந்த ரிங்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. "டேய், வெளிய வா" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே எழுந்து, "நீங்கதானேண்ணே தாங்கும்னு சொன்னீங்க" என்றான்.

"இருந்தாலும் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துட்டுப் படு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எந்த ரிங் போட்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

எனக்கு டிராக்டருக்கு அடுத்தபடி பைத்தியம் ராக்கெட். தூக்கம் வராத இரவுகளில் அதைத்தான் படிப்பேன். அப்படிப் படித்ததில் 1986 ஜனவரி 27 இரவு நடந்த தொலைபேசிப் பேச்சை விட்டு என்னால் நகர முடியவில்லை. மறுநாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். அதை மேலே தள்ளுகிற பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்த கம்பெனியின் இன்ஜினியர்கள், ரோஜர் பொய்ஜோலி முதலானவர்கள், குளிரில் பூஸ்டர் இணைப்புகளை அடைக்கிற ஓ-ரிங் இறுகிவிடும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நாசா தரப்புக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டு, கம்பெனி மேலாளர்கள் தனியாகப் பேசினார்கள், திரும்பி வந்து சரி, ஏவலாம் என்றார்கள். காலையில் கிளம்பிய 73-ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது, ஏழு உயிர். அப்புறம் விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அதே ரப்பரின் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, அது சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டினார்.

என்னைக் குடைவது அந்த விபத்துக்கு முந்தைய கதை. ஏற்கெனவே போய்வந்த சில பயணங்களில், கடலிலிருந்து மீட்ட பூஸ்டர்களைப் பிரித்தபோது ரிங்குகள் அரித்துப்போயிருந்தன. ஆனால் ராக்கெட் பத்திரமாகப் போய்வந்ததே, அதனால் பரவாயில்லை என்று அடுத்ததையும் அனுப்பினார்கள். சீசன் முடிந்து இந்த வண்டியைப் பிரித்தபோது நான் பார்த்ததும் அதுதான். ரிங்கின் ஒரு ஓரம் எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தது. "சூப்பரா தாங்குச்சுண்ணே" என்று அவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் ரிங்கை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம், எங்கள் முதலாளிக்கு வாடிக்கை போய்விடுமோ என்ற பயம். பெரிய கம்பெனி, ஓலைக் கொட்டகை என்ற வித்தியாசம் இதில் இல்லை என்று தோன்றுகிறது. உடனே, அதெப்படி, உழவையும் விண்வெளியையும் ஒன்றாக வைக்கிறாய் என்றும் தோன்றுகிறது. வைக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். 1958 ஜனவரி 4 அன்று எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஃபெர்குசன் டிராக்டரில்தான், இன்று நான் பிரிக்கிற ஹைட்ராலிக் லிஃப்டுக்கு மூலம் அந்த ஃபெர்குசன் வேலை. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியதைப் பட்டறையில் ஒரே போனில் எட்டுப் பேர் பார்த்தோம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2019-இல் சந்திரயான்-2 இறங்குகலம் விழுந்த பிறகு, எதெதெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசித்து, கெட்டாலும் இறங்கட்டும் என்று இந்தத் தடவை வடிவமைத்ததாக இஸ்ரோவில் சொன்னார்கள். அந்த ரிங்கைப் போட்டது தப்பு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை, மறுபடி அதே நிலைமை வந்தால் போடுவேன். "தாங்கும், ஆனா அடியில மட்டும் படுக்காதே" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகியிருக்கும்? அந்த 'ஆனா' வந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் வண்டியை எடுக்க மாட்டான். அதனால்தான் விழுங்கினேன். மறந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன், அது உண்மை இல்லை.

போன வாரம் வேறொருவர் கிளட்சைக் காட்டி, "இந்த நடவு வரைக்கும் ஓடுமா?" என்றார். "ஓடும்" என்று வாய் முந்திக்கொண்டது. அவர் வண்டியைக் கிளப்பி ரோட்டுக்குப் போனபிறகு பின்னாலேயே ஓடி நிறுத்தி, மேட்டில் பாரம் ஏற்றாதீர்கள் என்று சொன்னேன்.

பிய்ந்த ரிங் என் டூல்ஸ் பெட்டியில் பழைய ஃபீலர் கேஜுக்கு அடியில் இருக்கிறது. சம்பா உழவுக்கு முன்னால் அந்தத் தம்பி ஆயில் மாற்ற வருவான்.