மாங்குளத்தில் இரண்டு நாள்: முதல்நாள் பின்னேரமே சொல்லி வையுங்கள்

இலங்கையின் வன்னியில், மாங்குளம் சந்தியில், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியைப் பார்த்தபடி இருக்கிற சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் வழிப்போக்கருக்கானவை. றோல்ஸ், வடை, கொத்துரொட்டி, சோறும் பண்ணைக் கோழியும். வவுனியாவில் என்ன கிடைக்குமோ அதுதான் இங்கேயும். வேலை விசயமாக இரண்டு நாள் வந்து, கூட்டம் முடித்து, அந்தக் கடைகளிலேயே மூன்று நேரமும் சாப்பிட்டுவிட்டு "வன்னியில சாப்பாடு ஒண்டும் பெரிசா இல்லை" என்று சொல்லிப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துச் சாப்பாடு கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதில்லை. அது குளத்திலும் பட்டியிலும் வேலியிலும் இருக்கிறது. வீட்டு அடுப்புக்கு வர ஒரு இரவு வேண்டும்.

எங்கே கேட்பது? நீங்கள் போகிற அலுவலகத்தில் தேத்தண்ணி போட்டுத் தருகிற அக்காவிடம். எந்த வீட்டில் சமைத்துக் கொடுப்பார்கள், யாருடைய கை ருசி என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. "அக்கா, நாளைக்கு மத்தியானம் நாலு பேருக்குக் குளத்து மீன் கறியும் சிவப்பரிசிச் சோறும் ஏலுமோ?" என்று பின்னேரம் நாலு மணிக்கு முன் கேட்க வேண்டும். மீன் வாங்கும் காசையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். குளத்து மீன்காரர் மாலையில் வலை கட்டி விடியற்காலையில்தான் எடுப்பார்கள். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வாங்கினால் நல்ல மீன். பத்து மணிக்கு மேல் ஐஸ் இல்லாத பெட்டியில் கிடக்கிற மீனைத் தவிர்ப்பதே புத்தி. காலையில் வந்து மத்தியானத்துக்குக் கேட்டால் பாவம் அந்த அக்கா, கடைக் கோழியைத்தான் சமைப்பார்.

ஊருக்குப் பக்கத்தால் ஓடுகிறது கனகராயன் ஆறு. வவுனியா மாவட்டத்தில் சேமமடுப் பக்கம் தொடங்கி வடக்கே போய் இரணைமடுக் குளத்தை நிரப்பி, கடைசியில் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. மடுவில் தொடங்கி மடுவில் தேங்கும் ஆறு, பெயர்களே சொல்கின்றன. ஆறு என்றதும் ஆண்டு முழுக்க ஓடும் என்று நினைக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் கரை தெரியாமல் வரும். ஆவணி, புரட்டாதியில் மணல் தெரியும், அங்கங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். என்ன சாப்பாடு கேட்கலாம் என்பதை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கும்.

மழைக்குப் பிறகு, குளம் நிரம்பி வான் பாய்கிற நாட்களில், மீன் வாடையில்லாமல் இருக்கும். தண்ணீர் வற்றி வெயில் ஏற ஏற நீலப்பச்சைப் பாசி பெருகும். அது விடுகிற ஜியோஸ்மின் என்ற பொருள் செவுள் வழியாக மீனின் தசையிலும் கொழுப்பிலும் ஏறிவிடும். "சேத்து மணம்" என்று எல்லோரும் முகம் சுளிப்பது அதைத்தான். மீன் சேற்றைத் தின்பதால் வருவதல்ல. ஆகவே வற்றுக் காலத்தில் வருகிறவர் குளத்து மீனைப் பொரியலாகக் கேட்கக் கூடாது. புளிக் குழம்பாகக் கேட்க வேண்டும். புளி அந்த வாடையை உடைக்கும்.

அதிகம் கிடைப்பது யப்பான் மீன். திலாப்பியாவுக்கு ஊரில் அதுதான் பெயர். யப்பானுக்கும் அதற்கும் உறவில்லை. ஆபிரிக்க மீன், இலங்கைக் குளங்களுக்கு 1952இல் கொண்டுவந்து விட்டார்கள். கிலோவுக்கு மூன்று நாலு நிற்கிற அளவு கறிக்கு நல்லது. அதைவிடப் பெரியதில் வாடை கூட. செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறி, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை விரலால் உரித்தெடுக்க வேண்டும். இந்த வேலையை விட்டால் கறி கசக்கும். அடிவயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறியலாம். பிறகு உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசிப் பத்து நிமிடம் வைத்து மூன்று தண்ணீரில் கழுவுவார்கள்.

ஒரு கிலோ மீனுக்கு வன்னி வீடுகளில் கை போகிற அளவு இப்படி: எலுமிச்சம்பழ அளவு பழப்புளியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து வடித்தது, இரண்டாம் பால் இரண்டு கோப்பை, முதற்பால் அரைக் கோப்பை, வறுத்து இடித்த கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் இருபது, பத்துப் பல் உள்ளி, பச்சைமிளகாய் நாலு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம். அது பொன்னிறத்தைத் தாண்டிக் கறுத்தால் முழுச் சட்டியும் கசப்பு, திருத்த வழியில்லை, எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வாடியதும் புளி, இரண்டாம் பால், தூள், உப்பு. பச்சைத்தூள் மணம் போகும்வரை பத்து நிமிடம் கொதிக்கட்டும். அதற்கு முன் மீனைப் போட்டால் குழம்பு வற்றும்போது மீன் கரைந்துவிடும். மீன் போட்டபின் கரண்டிக்கு வேலையில்லை. சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் முதற்பால் விட்டு, ஓரத்தில் கொதி கண்டதும் இறக்கிவிடுவார்கள். முதற்பால் தளதளவென்று கொதித்தால் திரைந்துபோகும். மண்சட்டி சூட்டை வைத்திருக்கும் என்பதால் கொஞ்சம் முந்தி இறக்குவதே கணக்கு.

விரால் கிடைத்தால் யப்பானை மறந்துவிடுங்கள். முள் குறைவு, தசை இறுக்கம். காற்றைச் சுவாசிக்கிற மீன், வலையிலிருந்து எடுத்துப் பல மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்கும். அதனால் செத்த விரால் என்றால் எப்போது செத்தது என்ற கேள்வி வருகிறது. உயிரோடு இருப்பதையே வாங்கச் சொல்லுங்கள். வற்றுக் காலத்தில் மடுக்களில் பிடிபட்ட விராலைச் சுத்தமான தண்ணீரில் இரண்டு நாள் விட்டால் வாடை இறங்கும், ஆனால் பாத்திரத்துக்குப் பாரமான மூடி வேண்டும். பாய்ந்து முற்றத்தில் கிடக்கும், மீதிக் கதையைப் பூனை பார்த்துக்கொள்ளும். வழுக்கும் தோலைப் பிடிக்க அடுப்புச் சாம்பல்தான் சரி.

மீன் கறிக்குச் சோறு மட்டும் கேட்காதீர்கள். இரவுக்குச் சிவப்பரிசிப் பிட்டுக் கேளுங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல் வைத்திருக்கும் வீடென்றால் அதிர்ஷ்டம். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிற மட்டில் புது அரிசி வரும். புது அரிசிச் சோறு மணக்கும், ஆனால் குழையும். பிட்டுக்குச் சில மாதம் கிடந்த அரிசிதான் நல்லது. மூன்று சுண்டு வறுத்த மாவுக்கு ஏறத்தாழ ஒரு சுண்டு தண்ணீர், கொதித்து ஒரு நிமிடம் ஆறியது, உப்போடு. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்தி உதிர்க்க வேண்டும். தண்ணீர் ஒரு மிடறு கூடினாலும் கட்டி பட்டுவிடும், குறைந்தால் வாயில் மா பறக்கும். தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்தால் போதும். அழுத்தி நிரப்பினால் ஆவி நடுவுக்கு ஏறாது. மேலே வெந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும். பனையோலைப் பெட்டியில் அவித்ததற்கும் அலுமினியக் குழலில் அவித்ததற்கும் வித்தியாசம் தெரியாது என்கிறவர் முதலாவதைச் சாப்பிட்டிருக்கமாட்டார். குரக்கன் பிட்டுக் கேட்டால் பாதிக்குப் பாதி அரிசிமாவோ கோதுமை மாவோ கலந்துதான் வரும். ஏமாற்று அல்ல, குரக்கன் தனியே நின்று பிடிக்காது.

பக்கத்துக்கு முசுட்டை இலை வறை. வேலியில் படர்கிற கொடி, பல வீடுகளில் வாங்கத் தேவையே இல்லை. புகையிலை அரிகிற மாதிரி மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு. தண்ணீர் விடாமல், மூடாமல், மூன்று நாலு நிமிடம். தேசிக்காய்ப் புளியை அடுப்பை விட்டு இறக்கியபின் விட வேண்டும்.

பருப்பு ஏன் இங்கே மெதுவாக அவிகிறது என்று சிலர் கேட்பதுண்டு. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. பருப்பும் கடலையும் இளகப் பிந்தும், தேத்தண்ணியின் மேலே மெல்லிய ஆடை படியும். குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எருமைத் தயிர்தான் இந்தப் பயணத்தில் கொண்டுபோகத் தகுந்த பொருள், ஆனால் கெடுத்துக்கொள்வதும் எளிது. எருமைப்பாலில் கொழுப்பு ஏழெட்டு வீதம் இருக்கும். அதோடு சுடுமண் முட்டி கசிவுத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால்தான் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைகிறது. வாங்கும்போது முட்டியை இலேசாகச் சரித்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் ஓடினால் ஒன்று உறைந்து நாளாகியிருக்கும், அல்லது உறையும்போது யாரோ அசைத்திருப்பார்கள். பால் கைச் சூட்டுக்கு ஆறியபின், லீற்றருக்கு ஒரு கரண்டி உறை போதும். சூடாக இருக்கும்போது உறை விட்டால் திரைந்து நூல் நூலாகப் போகும். பனங்கட்டியோடு சாப்பிடுங்கள். காலையில் பழஞ்சோற்றில் இந்தத் தயிரைப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் கடித்துச் சாப்பிட்டால் வயலுக்குப் போகிறவர் மத்தியானம்வரை ஏன் பசி சொல்வதில்லை என்று விளங்கும். கூட்டத்துக்குப் போகிறவருக்கு இது சரிவராது, நித்திரை வரும்.

வைகாசி, ஆனியில் வருகிறவருக்குப் பாலைப்பழம். மஞ்சளாய், சின்னதாய், தேன் இனிப்பு. வீதியோரத்தில் சுண்டால் அளந்து விற்பார்கள். பால் உதட்டில் பசை போல ஒட்டும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும், தண்ணீரால் கழுவினால் இன்னும் இறுகும். பறிக்கக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். கரடிக்கும் அதே மாதங்களில் அதே பழம்தான் வேண்டும். அதோடு, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புக் கம்போ கண்டால் அந்தப் பக்கம் மிதிவெடி. ஓர் அடியும் உள்ளே வைக்கக் கூடாது. ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதிருப்பதே வழக்கம்.

தேனும் வரும், போத்தலில். துணியில் நனைத்துக் கொளுத்திக் காட்டுகிற சோதனைகளில் நம்பிக்கை வைக்காதீர்கள், சீனிப்பாகும் சில வேளை அதில் தேறிவிடும். பொந்துத் தேனை எடுத்தவரையே தெரிந்த ஒருவர் மூலம் வாங்குங்கள். ஈரம் கூடிய தேன் வெக்கையில் புளித்து வாயு கட்டும். வாகனத்தில் மூடியை இறுக்கி வைத்தால் பீறிக்கொண்டு வரும்.

மான், மரை இறைச்சி "ஒழுங்குபண்ணலாம்" என்று யாராவது காதோரம் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். 1937இலிருந்து இருக்கிற வனசீவராசிகள் சட்டம் உண்ட விருந்தாளியையும் விடாது, சமைத்த வீட்டையும் விடாது.

மே மாத நடுவில், 18ஆம் திகதியை அண்டிய நாட்களில், முல்லைத்தீவுப் பக்கம் வீதியோரங்களில் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் சனத்துக்குச் சாப்பிட அதுதான் இருந்தது. வாகனத்தை நிறுத்தி, இறங்கி, வாங்கிக் குடியுங்கள். தொட்டுக்கொள்ள எதுவும் கேட்காதீர்கள்.

வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில், உப்பு நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கல் அன்று, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34 வீதியில் சனம் நிறையும். முல்லைத்தீவில் வேலை இருந்தால், மாங்குளத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கி.மீ. என்ற கணக்கை அன்றைக்கு நம்பாதீர்கள். அன்றைக்கு வீட்டுக்காரரிடம் மீன் கேட்பதும் முறையல்ல.

வீட்டுச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்க நேரமில்லாமல் போனால், வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கின்றன. போகிற வழியிலோ வருகிற வழியிலோ அங்கே ஏறலாம். கண்முன்னே சுட்டும் அவித்தும் தருவார்கள். குரக்கன், உழுந்து, இலைக்கஞ்சி வகைகளைப் பாருங்கள். பின்னேரம் பிந்திப் போனால் பாதிச் சாமான் முடிந்திருக்கும்.

கிளிநொச்சிப் பக்கம் திரும்புகிறவர் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போக முடியாது, சாரதி நிறுத்திவிடுவார். தேங்காய் உடைத்து, பிறகு கச்சான். மணலில் வறுத்தது, கோதோடு. கையில் ஒன்றை உடைத்து மணந்து பார்த்து வாங்குங்கள். பூஞ்சண மணமோ கசப்போ இருந்தால் அந்தக் குவியலை விட்டு அடுத்த கடை. சூடாக இருக்கும்போது பொலித்தீன் பையைக் கட்டிவிட்டால் வியர்த்து நமுத்துப்போகும், கடதாசிச் சரைதான் நல்லது. தயிர் முட்டி இருந்தால் கச்சானைச் சீட்டில் வைத்துவிட்டு முட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் மேல்தட்டில் வைத்த முட்டி யாழ்ப்பாணத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது.