கிணற்றடி வெட்டிவேர்

அக்டோபர் 6
மதுரை ஆஸ்பத்திரியில் அப்பச்சி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தூருக்குத் தண்ணி ஊத்தினியா ஆத்தா?" ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றேன். ஊற்றாவிட்டாலும் அது சாகாது, சித்திரை வெயிலையே தாங்கிய வெட்டிவேர்ப் புல்லின் தூர். ஆனால் அவருக்கு அந்தப் பதில் போதாது.

அக்டோபர் 9
பங்காளிகள் வந்து பாகம் பிரிக்க இடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். கயிறு கிணற்றுக்கு இந்தப் பக்கம் விழுகிறது. தூர் அந்தப் பக்கம்.

அக்டோபர் 10
மதுரையில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் எழுப்பினாலும் புல்லை வெட்டமாட்டோம், பார்க்க அழகாகத்தானே இருக்கிறது என்று அண்ணன் முறை ஆகிறவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அழகுதான், ஆள் உயரத்துக்குக் குத்தாக நின்று காற்றில் சாயும்போது நானே வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் கிழக்கிலும் தெற்கிலும் சுவர் வந்தால் வெயில் எங்கிருந்து வரும்? வறட்சி, வெள்ளம், செம்புராங்கல் மண் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் இந்தப் புல் நிழலை மட்டும் பொறுக்காது. அடியிலிருந்து புதுச் சிம்பு வெடிப்பது குறைந்து, தூர் மெலிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். வீட்டின் மூன்றாம் கட்டு முற்றத்தில் அப்பத்தா வைத்த இன்னொன்று அப்படித்தான் போனது.

அக்டோபர் 13
அப்பச்சியின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 14
இன்றும் வரவில்லை. கிணற்றுச் சுவரை வேர் பிளந்துவிடும் என்று கொத்தனார் யாரிடமோ சொன்னாராம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. வெட்டிவேர் பக்கவாட்டில் ஓடாது, நேரே கீழேதான் இறங்கும். இளகிய மண்ணாக இருந்தால் 3 மீட்டர் வரைகூடப் போகும். அறுகு மாதிரி தரையில் படர்ந்து அடுத்தவர் இடத்தைப் பிடிக்கிற குணமும் இல்லை, வைத்த இடத்திலேயே பருத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தக் கிணற்றில் ஒரு கல் அசைந்திருக்கிறதா?

அக்டோபர் 18
ஐப்பசி பிறந்துவிட்டது. மேகம் கூடுகிறது, கலைகிறது. மழை விழுந்தால்தான் தூரைத் தோண்டிப் பிரித்து வேறு இடத்தில் நட முடியும்.

நம் பக்கம் நட்டு வளர்க்கிற வகையில் முளைக்கிற விதை அநேகமாக இருக்காது. சிம்பு பிரித்து வைத்தால்தான் அடுத்தது உண்டு. அப்படியென்றால் இது அப்பத்தா வைத்த அதே செடி, அதன் பிள்ளைகூட இல்லை, அதுவேதான். அப்பச்சி எதற்கு இப்படித் துடிக்கிறார் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

அக்டோபர் 22
நல்ல மழை.

அக்டோபர் 23
தோண்டியாயிற்று. கடப்பாரை இல்லாமல் நடக்கவில்லை, கடலூர்ப் பக்கத்து மணலில் என்றால் வேர் முழுசாக வந்திருக்கும், இங்கே பாதி அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. பரவாயில்லை, மேல்தூர் பத்திரமாக இருக்கிறது. இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரையும் கட்டையாக நறுக்கி, இரண்டு மூன்று சிம்பு சேர்ந்தாற்போலப் பிரித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். வந்த வேரில் ஒரு பிடி அலசி அப்பச்சிக்கு எடுத்துப் போனேன். பானையில் போட ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள் என்பதால் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றார்.

அக்டோபர் 25
ஊரணிக் கரையில் நட்டோம். நாள் முழுக்க வெயில், மறைக்க ஒரு மரம் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி வருகிற சரிவில் குறுக்காக, அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்தோம். நெருங்கி வளர்ந்தால் வேலி மாதிரி நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 1980களில் உலக வங்கிக்காரர்கள் மண் அரிப்புக்கு இதைத்தான் நம் நாட்டில் பரப்பினார்கள். மைசூர்ப் பக்கத்து விவசாயிகள் அதற்கும் முன்னாலேயே வரப்பில் வைத்திருந்தார்கள். நம் ஊரணிக் கரை ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது, யாரும் கேட்பதில்லை.

அக்டோபர் 28
ரிப்போர்ட் வந்துவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 1
ஆடு மேய்ந்திருக்கிறது. கடைசி வரிசையில் இலையே இல்லை. பெரிய தூர் என்றால் திரும்பத் துளிர்க்கும், இது இன்னும் வேர் பிடிக்காத சிம்பு. அப்பச்சியிடம் சொல்லவில்லை. நாளைக்குக் கருவேல முள் வெட்டி அடைக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், வந்தால் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போக வேண்டியதுதான்.