மரச்செக்கு ஆலைக்குத் திட்ட அறிக்கை: கணக்கு எங்கே உதைக்கும்?

பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியக் கடனுக்குத் திட்ட அறிக்கை போட வருகிறவர்களில் பலர் மானியத்தில் தொடங்குகிறார்கள். "35 சதவீதமாமே, எவ்வளவுக்குப் போடலாம்?" அப்படிப் பின்னாலிருந்து எழுதிய அறிக்கை வங்கி மேலாளரின் கேள்விகளுக்குத் தாங்காது. நாங்கள் செக்கிலிருந்துதான் தொடங்குவோம்.

ஓர் ஈட்டுக்கு, அதாவது செக்கில் ஒருமுறை போட்டு ஆட்டுவதற்கு, 15 கிலோ நிலக்கடலைப் பருப்பு. ஆட்டி, வழித்து, அடுத்ததைப் போட ஒரு மணி நேரம். எட்டு மணி வேலைக்கு எட்டு ஈடு என்று எழுதாதீர்கள். மின்தடையும் துப்புரவும் போக ஆறுதான். நாளுக்கு 90 கிலோ, 300 நாளில் 27 டன். முதல் வருடம் 60 சதவீதத் திறன் என்றால் 16.2 டன். அதில் எண்ணெய் 40 சதவீதம், அதாவது 6,480 கிலோ. விற்பதோ லிட்டரில். லிட்டர் சுமார் 910 கிராம், ஆக 7,120 லிட்டர். கிலோவையே லிட்டராக எழுதி 640 லிட்டர் வரவைத் தொலைத்த அறிக்கைகள் நிறைய உண்டு. பிண்ணாக்கு சுமார் 9 டன் தேறும். அந்த வரவைச் சேர்க்காவிட்டால் லாபமே தெரியாது.

இயந்திரத்துக்கு ஜிஎஸ்டி எண்ணுள்ள கொட்டேஷன் வாங்குங்கள். மோட்டார், வண்டி வாடகை, பொருத்தும் கூலி அதில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது. நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் காட்ட முடியாது. கொட்டகை வாடகையை அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குக் காட்டலாம்.

அதிகம் சறுக்குவது நடைமுறை மூலதனத்தில், அதாவது சரக்கு வாங்கி அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணத்தில். மாதம் 1.35 டன் பருப்பு, கிலோ 130 ரூபாய் என்று வைத்தால் 1,75,500. கடைக்காரர் 30 நாள் கடன் சொல்வார். எனவே இரண்டு மாதத்துக்குக் குறையாமல், சுமார் 3.5 லட்சம் வேண்டும். அதற்காக ஊதிப் பெருக்கவும் கூடாது: இதற்கு வங்கி தரும் கடன் வரம்பை 3 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி.

மானியம் கையில் வராது. 10 லட்சம் திட்டம், கிராமம், பொதுப்பிரிவு என்றால் சொந்தப் பணம் 1 லட்சம், வங்கி தருவது 9 லட்சம். மானியம் 2.5 லட்சம் வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும்; அதற்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள். (35 சதவீதம் கிராமப்புறச் சிறப்புப் பிரிவினருக்கு, அதாவது பட்டியல் இனத்தவர், பெண்கள் போன்றோருக்கு மட்டும்.)

கடைசியில் பருப்பு விலையை 10 சதவீதம் ஏற்றி ஒருமுறை கணக்குப் போடுங்கள். தவணை கட்ட மிஞ்சவில்லை என்றால் விற்பனை விலையைத் திருத்தாதீர்கள். ஒரு மூட்டைப் பருப்பை வாங்கிப் பக்கத்துச் செக்கில் ஆட்டி, எண்ணெயையும் பிண்ணாக்கையும் எடை போட்டு வாருங்கள். சரியாகக் காயாத பருப்பில் 40 சதவீதம் கிடைக்காது.