வெள்ளைக் கரை போட்ட தைம்

2012 ஒக்டோபரில் லண்டனுக்கு வந்தேன். ஹரோவில் வீடு. பின்வளவு நீளமாகத்தான் இருந்தது, ஆனால் புல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒருவரின் மகள் நான். வெறும் நிலத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கோயிலில் பழக்கமான ஓர் அக்கா கற்பூரவள்ளித் தடி ஒன்று முறித்துத் தந்தார். அதைச் சாடியில் ஊன்றி வெளிப்படியில் வைத்தேன். நவம்பரில் ஒரு காலை கதவைத் திறந்தபோது இலைகள் எல்லாம் அவித்தெடுத்ததுபோலக் கண்ணாடியாகி, மத்தியானத்துக்குள் கறுத்துக் குழைந்து விழுந்தன. உறைபனியைக் கற்பூரவள்ளி ஓர் இரவுகூடத் தாங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் மே மாதம் ஒரு கார்டன் சென்டரில் மூலிகைக் கன்றுகள் அடுக்கியிருந்த மேசையைக் கடந்து போகையில் கை தற்செயலாக ஒரு செடியில் உரசியது. விரலை மணந்து பார்த்தேன். ஓமம். வயிற்றுவலிக்கு அம்மா கரண்டியில் தந்த ஓமத்தண்ணீரின் அதே வாசம். குனிந்து பார்த்தால் உளுந்தளவு இலைகள், நடுவில் சாம்பல் கலந்த பச்சை, ஓரத்தில் மெல்லிய வெள்ளை. புது வேட்டிக்குக் கரை போட்டதுபோல அவ்வளவு நேர்த்தி. அட்டையில் ‘சில்வர் போசி’ என்று பெயர் எழுதியிருந்தது. கீழே இருந்த செடியின் பெயரை நான் ‘தைம்’ என்று வாசித்தேன். நேரத்தைச் சொல்வதுபோல ‘டைம்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று பக்கத்து வீட்டு மூதாட்டி பிறகு சொல்லித்தந்தார். இங்கே நேரத்தோடு குழம்பாதிருக்கத் தைம் என்றே எழுதுகிறேன்.

ஓமம் மணத்ததில் என் மூக்கின் பிழை எதுவும் இல்லை. தைமில் இருக்கும் தைமோல் என்ற பொருள்தான் ஓமத்திலும் நிறைய இருக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர் கஸ்பர் நொய்மான் 1719இல் அதைத் தைமிலிருந்து பிரித்தெடுத்தார், செடியின் பெயரே அந்தப் பொருளுக்கும் பெயராயிற்று. கற்பூரவள்ளி இலையில் தைமோலும் உண்டு, அதற்கு மிக நெருங்கிய உறவான கார்வகுரோலும் உண்டு. மூன்றும் வேறு வேறு நாட்டுச் செடிகள், ஆனால் மூக்குக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். பறிகொடுத்த கற்பூரவள்ளியின் வாசம் இன்னொரு உருவத்தில் கைக்கு வந்ததென்றால் விட மனம் வருமா? இரண்டு சாடி வாங்கினேன்.

வாங்கி வந்து, எனக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் அதற்குச் செய்தேன். ஒரு மூட்டை மாட்டெரு கலந்து பாத்தி கட்டினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டேன். கோடை முழுக்க அது கொழுத்து வளர்ந்தது, தண்டு இளசாக நீண்டது. அந்தக் குளிர்காலம், 2013 டிசம்பரிலிருந்து 2014 பெப்ரவரி வரை, மழை விடவேயில்லை. தெற்கு இங்கிலாந்தில் தேம்ஸ் கரையெல்லாம் வெள்ளம். பெப்ரவரி கடைசியில் செடியைப் பிடித்து இழுத்தேன். பழுத்த இலைபோலக் கையோடு வந்தது. வேர் இருந்த இடத்தில் கறுப்பு நார் மட்டும், ஊறிய பாயின் நாற்றம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மூதாட்டி பார்த்துவிட்டு, குளிர் இதைக் கொல்லாது, ஈரந்தான் கொல்லும் என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம் எந்தப் புத்தகத்தையும்விட எனக்கு உதவியது. தைம் பனியில் கிடக்கும், உறையும், வெயில் வந்ததும் எழும்பிவிடும். வேரடியில் தண்ணீர் தேங்கினால்தான் போய்விடும். வடமேற்கு லண்டன் முழுக்கக் களிமண். மழைக்காலத்தில் ஊதி ஒட்டும், கோடையில் கைவிரல் போகுமளவு வெடிக்கும். அதற்குள் எருவையும் போட்டு நான் ஒரு குளமே வெட்டி வைத்திருந்தேன்.

வேறு கன்று வாங்கி, அடுத்த இரண்டு வருடம் சாடியிலேயே வைத்துச் சமாளித்தேன். உயிரோடு இருந்தது, அவ்வளவுதான்.

2016 மே மாதம் அப்பா விசிற் விசாவில் வந்தார். வந்த இரண்டாம் நாள் காலை நான் தேத்தண்ணியோடு பின்கதவுக்குப் போனால், அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து மண்ணைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டி, கயிறாகத் திரித்து, வளையமாக வளைத்துக் காட்டினார். ஒரு வெடிப்பும் இல்லை.

“பிள்ளை, இது கண்டு நடுற மண் இல்லை. சட்டி வனையிற மண்.”

“பசளை போட்டனான் அப்பா.”

“மேல என்ன போட்டாலும் கீழ தண்ணி நிண்டால் வேர் மூச்சு விடாது. எங்கட செம்மண்ணில ஊத்தின தண்ணி அடுத்த நாள் இருக்குமோ? கீழ சுண்ணாம்புக் கல்லு, அது குடிச்சுப் போடும்.”

அந்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சில்டர்ன் குன்றுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், ஐவிங்கோ பீக்கன் பக்கமாக. காரில் ஒரு மணி நேரத்துப் பயணம். காற்றுப் பிடிக்கத்தான் போனது. ஏறும் வழியில் மண் தேய்ந்த இடங்களில் வெள்ளை தெரிந்தது. அப்பா குனிந்து நகத்தால் சுரண்டினார், உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். “இது சுண்ணாம்பெல்லோ!” என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் அந்தப் பயணம் முழுக்க வேறெங்கும் பார்க்கவில்லை. அது சோக் மலை. நாட்டுத் தைம் இங்கே தானாகவே வளர்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. புல்லுக்குள்ளே சின்னச் சின்ன மண்மேடுகள், முழங்கால் உயரங்கூட வராது. மஞ்சள் எறும்புகள் வருடக்கணக்காக மண்ணை அள்ளிக் கட்டியவை. அந்த மேடுகளின் தலையில்தான் தைம் ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. சுற்றிலும் பள்ளத்தில் வெறும் புல்.

அப்பா ஒரு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். “பாத்தியோ, எறும்பு பாத்தி கட்டி வைச்சிருக்கு. உயரத்தில கட்டியிருக்கு. மழை விழ விழ வடிஞ்சு போகும்.”

அடுத்த வாரம் அவர் எறும்பு செய்ததையே செய்தார். தெற்கு வெயில் விழும் சுவரோரம் புல்லை வெட்டியெடுத்து, அடியில் உடைந்த செங்கல் பரப்பினார். அதன்மேல் மண் ஒரு பங்கு, சல்லி ஒரு பங்கு என்று கலந்து முக்கால் முழ உயரத்துக்கு மேடு கட்டினார். சல்லி என்பது கார்டன் சென்டரில் மூட்டையாக விற்கும் கூரான சிறுகல். கட்டடத்துக்குப் பாவிக்கும் மென்மணல் இதற்குச் சரிவராது, களியோடு சேர்ந்து இறுகிவிடும். எரு ஒரு பிடியும் இல்லை. நான் போடட்டோ என்று கேட்டதற்கு, கொழுத்தால் வாசம் குறையும் என்றார். புகையிலை செய்தவர், இலையின் காரம் எதில் ஏறும் எதில் இறங்கும் என்று அவருக்குத் தெரியாததா? நட்ட பிறகு தண்டைச் சுற்றிச் சல்லியை விரல்மொத்தத்துக்குத் தூவினார். மழைத்துளி தெறித்து இலையின் அடியில் மண் ஒட்டாமல் இருக்க.

அந்த மேட்டில் சில்வர் போசி இரண்டும், ‘டூன் வாலி’ என்ற இன்னொரு வகைத் தைம் ஒன்றும் வைத்தோம். தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸ்மூர் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் அது. சில்வர் போசி நிமிர்ந்து ஒரு சாண் வளரும், டூன் வாலி பாய்போலத் தரையோடு படரும். கரும்பச்சை இலையில் மஞ்சள் தெளித்திருக்கும். கசக்கினால் தேசிக்காய் வாசம். அதன் மஞ்சள் குளிர்காலத்திலும் வசந்தத்திலுந்தான் நன்றாகத் தெரியும், குளிர் ஏற நுனியில் சிவப்பும் வரும். மற்றதெல்லாம் பட்டுக்கிடக்கும் ஜனவரியில் பின்கதவைத் திறந்தால் கண்ணுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஒருநாள் அப்பா கத்தரிக்கோல் கேட்டார். சில்வர் போசியின் நடுவிலிருந்து ஒரு கொப்பு மட்டும் முழுப்பச்சையாகக் கிளம்பியிருந்தது. மற்றக் கொப்புகளைவிட அரைச்சாண் உயரம், இலையும் பெரிது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

“வடிவா வளருது எண்டு விட்டனான் அப்பா.”

“விடாதை. ஒட்டுமாங்கண்டில ஒட்டுக்குக் கீழ முளைக்கிறதை விட்டால் என்ன நடக்கும்? ஒட்டு பட்டுப்போம், புளிமாங்காய்தான் மிஞ்சும்.”

ஒட்டுமாவில் அடியும் நுனியும் இரண்டு மரம். இது ஒரே செடி, ஆனால் சங்கதி ஒன்றுதான். வெள்ளை விழுந்த இடத்தில் பச்சையம் இல்லை, அங்கே செடிக்கு உணவு உண்டாகாது. முழுப்பச்சைக் கொப்பு மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சமைத்துச் சாப்பிட்டுக் கூடுதலாக வளரும். விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் கரை போட்ட இலை எல்லாம் அமுங்கி, வெறும் பச்சைத் தைம்தான் நிற்கும். நுனியைக் கிள்ளினால் போதாது. அந்தக் கொப்பு எந்த இடத்தில் பிரிகிறதோ அங்கே போய் அடியோடு வெட்ட வேண்டும். டூன் வாலியில் இது இன்னும் கூடுதல், மாதம் ஒருமுறை விரல் விட்டு விலக்கிப் பார்க்கிறேன்.

இவற்றை விதைபோட்டு எடுக்கவும் முடியாது. விதையில் முளைப்பது தாயைப்போல் கரையோடு வராது. பதியம்தான் வழி. ஓரத்துக் கொப்பொன்றை வளைத்து, சல்லியை விலக்கி, தலைமயிர்க் கவ்வியால் மண்ணோடு குத்தி விடுவேன். மே மாதம் குத்தினால் செப்டெம்பரில் வேர். கோயிலில் கற்பூரவள்ளித் தடி தந்த அக்காவுக்கு முதல் பதியம் போனது. பிறகு யாரெல்லாம் கேட்டார்களோ எல்லோருக்கும்.

ஜூன், ஜூலையில் மெல்லிய ஊதாப் பூ வரும்போது தேனீ மொய்க்கும். அது ஓய்ந்த பிறகே வெட்டுவேன், மூன்றில் ஒரு பங்கு. இலையிருக்கும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். கீழே வைரம் பாய்ந்த வெறுந்தண்டில் வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அரிது. இதைப் பக்கத்து வீட்டு மூதாட்டி வேலிக்கு மேலால் கத்தரிக்கோலை வாங்கித் தானே வெட்டிக் காட்டினார்.

சமையலுக்கு ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள், அழகுக்கு விற்கிற செடி ஆயிற்றே என்று. ஆகும். கடையிலிருந்து வந்த இலையை மட்டும் நான் பறிப்பதில்லை, மருந்து அடித்திருப்பார்கள். புதுத் துளிர் வந்த பிறகு எடுப்பேன். நுனியை ஒரு கையால் பிடித்து, மற்றக் கை விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் இலை முழுக்க உதிர்ந்துவிடும். மீன் பொரிக்க மிளகு, உப்பு, தேசிப்புளியோடு டூன் வாலி இலையையும் பிரட்டி அரைமணி நேரம் வைப்பேன். வாழைக்காய் பொரிப்பில் சில்வர் போசி. தடிமன் வந்தால் கொத்தமல்லித் தண்ணியில் இரண்டு கொப்பு போட்டு இறக்குகிறேன், தொண்டைக்கு இதமாக இருக்கிறது. சொதியில் போட்டுப் பார்த்தேன், தேங்காய்ப்பாலுக்கு அது சேரவில்லை. முறுக்கு மாவில் ஓமத்துக்குப் பதிலாக உலர்ந்த இலையை நுணுக்கிப் போட்டேன். எண்ணெயில் வாசம் கருகிப் போனது. முறுக்குக்கு ஓமம்தான்.

அப்பா ஒக்டோபரில் திரும்பும்போது பதியம் ஒன்று கொண்டுபோகலாமா என்று யோசித்தார், பிறகு தானே வேண்டாம் என்றார். கார்த்திகை மழைக்கு இது நின்று பிடிக்காது, சுண்ணாம்புக் கல் இருந்தாலும். பதிலாக நிழலில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்திய டூன் வாலிக் கட்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். அம்மா போனில் சொன்னாள்: “ஓமம் மாதிரியும் கிடக்கு, தேசிக்காய் மாதிரியும் கிடக்கு. என்னெண்டு பிள்ளை ரெண்டும் ஒரே இலையில?”

மேடு இன்னும் இருக்கிறது. 2018 மார்ச்சில் பனியில் மூடிக் கிடந்து எழும்பியது. 2022 ஜூலை 19ஆம் திகதி ஹீத்ரோவில் 40 பாகை தாண்டியபோது என் புல்தரை வைக்கோல் நிறமானது, சாடியில் நின்ற ரோசா கருகியது. மேட்டுக்கு நான் ஒரு வாளி தண்ணீரும் விடவில்லை, ஓர் இலை வாடவில்லை. போன வருடம் நடுவிலிருந்த சில்வர் போசி வயதாகித் தண்டு மட்டும் மிஞ்சியதால் பிடுங்கிவிட்டு, அதன் பதியத்தையே அதே குழியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு வீடியோவில் கதைக்கிறபோது போனைப் பின்வளவுக்குக் கொண்டுபோகச் சொல்வார். போன கிழமையும் சொன்னார். மேட்டுக்குக் கிட்டப் பிடித்தேன்.

“இன்னும் கிட்ட. இலையை விலக்கு. உதில, வலப்பக்கம், பச்சை ஒண்டு நிக்குது. தெரியேல்லையோ?”

எனக்குத் தெரியவில்லை. குனிந்து விரலால் விலக்கினேன். அடியில், அரை விரல் நீளத்தில், கரையில்லாத ஒரு கொப்பு. போனைச் சுவரில் சாத்திவிட்டுக் கத்தரிக்கோல் எடுக்க உள்ளே போனேன்.