கைப்பிடி அரிசியும் காசாளர் இருக்கையும்

என் பணப்பையில் இருக்கும் சங்க உறுப்பினர் அட்டையில் ‘வங்கி ஊழியர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் சற்றுச் சங்கடம் தரும். எங்கள் ஊரில் ஒருவர் ‘ஊழியத்தில் இருக்கிறார்’ என்றால், அவர் குருவானவராகவோ உபதேசியாராகவோ மிஷனெரியாகவோ இருக்கிறார் என்றே பொருள். மற்றவர்கள் எல்லாரும் ‘உலக வேலை’ பார்க்கிறவர்கள். பத்தொன்பது வயதில் ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை அர்ப்பணிக்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்று சொல்லப்பட்டபோது, நானும் கண்ணீரோடு கையை உயர்த்தினேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ‘தேவசித்தம்’ வெளிப்படும் என்று காத்திருந்தேன். வெளிப்பட்டது வங்கித் தேர்வின் முடிவுதான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும், கொடுத்த வாக்கிலிருந்து தப்பி ஓடி வந்தவன் என்ற உறுத்தல் பல ஆண்டுகள் எனக்குள் இருந்தது. அதை ஈடுகட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்பிக்கொண்டேன்: பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டி, சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்குப் பந்தி விசாரிப்பு என்று எதையும் விடவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரும்போது மட்டும், ஞாயிறன்று எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு குழம்பு ஊற்றிய அதே ஆள், பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்து மாறிப்போன ஒரு கிழவரைப் பார்த்துக் குரலை உயர்த்துவான். இந்த முரண் எனக்கு வெகுகாலம் தெரியவே இல்லை என்பதுதான் வேடிக்கை. கடவுளுக்குரிய நாள் வேறு, சம்பளத்துக்குரிய நாட்கள் வேறு என்ற பிரிவினை அவ்வளவு இயல்பாக எனக்குள் ஊறியிருந்தது.

அது தெரியவந்தது ஒரு நவம்பர் மாதத்தில். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு முதல் அதை ஆதார் எண்ணையும் விரல்ரேகையையும் கொண்டு கணினி வழியாகவும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து இறந்துபோன ஒருவருடைய மனைவி, குடும்ப ஓய்வூதியத்துக்காக எங்கள் கிளைக்கு வந்திருந்தார். விரல்ரேகைக் கருவி அவருடைய பத்து விரல்களில் ஒன்றைக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு, “நாளைக்கு வாங்கம்மா” என்றேன். மறுநாளும் அந்த விரல்கள் அப்படியேதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தாளில் எழுதி, அதிகாரி ஒருவரின் கையொப்பத்தோடு சான்று வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது என்பதும் தெரியும். அதற்கு நான் இருக்கையைவிட்டு எழுந்து, அலமாரியைத் திறந்து, படிவத்தைத் தேடி, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பத்து நிமிட வேலை. வரிசை நீளமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் நான் எழ விரும்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு பேருந்து மாறி அவர் மறுபடியும் வந்தார். கையைக் கருவியின்மேல் வைத்தபோதுதான் அந்த விரல்களைச் சரியாகப் பார்த்தேன். நாற்பது ஐம்பது ஆண்டுகள் பனையோலை கிழித்துப் பெட்டி முடைந்ததில் நுனிகள் வழவழவென்று தேய்ந்து, ரேகை என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் இருந்தன. எங்கள் ஆச்சியின் விரல்களும் அப்படித்தான் இருந்தன.

ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் எழுதக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்குமேல். முகாமுக்குப் போனவரும் அல்ல, கை உயர்த்தியவரும் அல்ல. ஆனால் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்து முறத்தில் எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருந்த கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். வந்த காசு மிஷனெரிப் பணிக்குச் சேரும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்பது எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது. தொலைவில், மிசோரம் மாநிலத்துச் சபைகளில் இன்றும் அது பெரிய அளவில் நடந்துவருகிறது.

சிறுவயதில் நான் கவனிக்காத இரண்டு விஷயங்கள் அதில் உண்டு. ஆச்சி காணிக்கைக்கென்று தனியாகக் கூடுதல் அரிசி அளக்கவில்லை. எங்களுக்காக அளந்ததிலிருந்தே எடுத்தார். ஆகவே அந்தக் கைப்பிடி எங்கள் எல்லாருடைய தட்டிலிருந்தும் சிறிது சிறிதாகக் குறைந்தது. இன்னொன்று, சமைத்து, சாப்பிட்டு, மிஞ்சியதை அவர் கொடுக்கவில்லை. போதுமா போதாதா என்று தெரிவதற்கு முன்பே எடுத்துவைத்தார். கடன் வாங்கிய அரிசியில் சோறு பொங்கிய நாட்களும் இருந்தன. அன்று கை சற்றுச் சிறுத்திருக்கும். கலயம் வெறுமனே இருந்ததில்லை. வயலின் ஓரங்களைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம், வயலே இல்லாத ஆச்சி அடுப்பங்கரையில் அந்த ஓரத்தை விட்டுவைத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றும்.

இதே மண்ணில், வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் மிஷனெரிப் பணி நடத்துவதைக் கண்டு வந்தபின், 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக அவர் முன்நின்றார். இந்தியர்களின் உழைப்பு, இந்தியர்களின் பணம், இந்தியர்களின் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. கலயத்தில் விழுந்த அரிசிக்கும் அந்தக் கொள்கைக்கும் உள்ள தொடர்பை நான் விளக்க வேண்டியதில்லை. 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயத்தை நடத்தியபோது, ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லச் செய்வார். சொன்னவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத, நிலமற்ற கூலித்தொழிலாளர்கள். அவர்களுக்குப் பிரசங்கபீடம் ஏது? களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் அடுத்தவன் பார்க்க அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைதான் அவர்களால் செய்ய முடிந்த பிரசங்கம். வாலிபர் முகாமில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட ‘அழைப்பு’ இதைவிட எவ்வளவு குறுகலானது என்பதை, இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

வேதத்திலேயும் அது இருக்கத்தான் செய்தது. லூக்கா மூன்றாம் அதிகாரத்தில், மனந்திரும்பி வந்த, வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள், “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று யோவான்ஸ்நானனிடம் கேட்கிறார்கள். ஆயத்துறையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்கிறார். போர்ச்சேவகரிடம், சம்பளமே போதும் என்றிருங்கள் என்கிறார். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பகுதியை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. நம்மில் பாதிப்பேர் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பள்ளிகளிலும் இருக்க, சம்பளத்தைப் பற்றிப் பேசும் வசனம் ஏன் வாக்குத்தத்த அட்டைகளில் இடம்பெறுவதில்லை என்று நான் குறைபட்டுக்கொள்வதுண்டு.

இவ்வளவும் புரிந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். காசாளர் இருக்கையில் இருப்பவருக்கு மாலையில் ஒரு நியாயத்தீர்ப்பு நாள் தினமும் உண்டு: கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மிகுந்தால் அன்றே மேலாளரிடம் சொல்லித் தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒரு மாதம் எனக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது, கட்டினேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை ஐயாயிரம் ரூபாய் மிகுந்து நின்றது. பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அதில் இரண்டாயிரம் எனக்கு வரவேண்டியதுதானே என்று மனம் கணக்குப் போட்டது. யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லாமல், எழுதாமல், அந்தப் பத்துத் தாள்களையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ‘எடுக்கவில்லை, வைத்துத்தான் இருக்கிறேன்’ என்று எனக்கே ஒரு விளக்கமும் தயாராக இருந்தது.

அன்று குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்க வேண்டிய முறை எனக்கு. நீதிமொழிகள் பதினோராம் அதிகாரம். தொடக்கமே கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்பது. இதைத் தெய்வச் செயல் என்று சாட்சி சொல்ல நான் விரும்பவில்லை. நாங்கள் நாளுக்கு ஓர் அதிகாரமாக வரிசைப்படி வாசித்துவந்தோம், முந்தின நாள் பத்தாம் அதிகாரம் முடிந்திருந்தது. ஆனாலும் இரண்டாம் வசனத்துக்குமேல் எனக்குக் குரல் எழவில்லை. தொண்டை சரியில்லை என்று புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

காலையில் கதவு திறக்கும் முன் மேலாளரிடம் சொன்னேன். ஒருநாள் தாமதத்துக்காக அவர் கடிந்துகொண்டார், அது நியாயம். கேமராப் பதிவைப் பார்த்ததில், பணம் கட்டும்போது ஒரு சிறிய கட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்ட கருப்பட்டி வியாபாரி யாரென்று தெரிந்தது. தகவல் சொன்னதும் வந்தார், வாங்கிக்கொண்டார், “நேத்தே சொல்லியிருக்கலாமே” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த நண்பர், நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் ஒருநாளும் பார்த்திராதவர், முந்தின வருடம் இதைவிடப் பெரிய தொகையை ஐந்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தவர். நேர்மை கிறிஸ்தவர்களின் குத்தகைச் சொத்து அல்ல என்பதை அந்த மேசையில் தினமும் பார்க்கிறேன். எனக்கு விசுவாசம் தருவது வேறொன்று: இந்த இருக்கையும் கடவுளுடைய பார்வையில்தான் இருக்கிறது, இங்கு நான் செய்வதும் அவருக்கென்றே செய்யப்படுகிறது என்ற நினைவு. அந்த நினைவு சில நாட்களில் வருகிறது, பல நாட்களில் கூட்டத்தில் தொலைந்துபோகிறது.

அதனால்தான் ஆச்சியின் வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாள் எப்படிப் போகும் என்று தெரிவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துவைப்பது என்று. ஒன்பதே முக்காலுக்குக் கிளைக்கு வந்து, வெளித்திண்ணையில் காத்திருப்பவர்களில் எழுதத் தெரியாதவர்களுக்குச் சீட்டு நிரப்பிக் கொடுக்கிறேன். வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தில் செய்யலாம் என்று வைத்திருந்த காலத்தில் அது ஒருநாளும் மிஞ்சியதில்லை. பதினைந்து நிமிடம்தான். பேருந்து பிந்திய நாட்களில் ஐந்து நிமிடமாகச் சிறுத்துவிடுகிறது.

நாளை நவம்பர் முதல் தேதி. முகத்தைக் காட்டியே சான்று பதியும் வசதி 2021-இல் வந்துவிட்டதால், விரல் தேய்ந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. ஆனாலும் தாள் படிவங்கள் முப்பதை எடுத்து மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கைநாட்டு வைக்கும் மைப்பெட்டி காய்ந்து கிடக்கிறது; போகும் வழியில் மை வாங்க வேண்டும்.